எஸ். சந்திரசேகர் என்றால் எந்த எஸ். சந்திரசேகர்?

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பள்ளி வினாடி வினாவுக்குத் தயாராகிறாள். எஸ். சந்திரசேகர் என்று தேடினால் ஓரிடத்தில் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி, இன்னோரிடத்தில் திரவப் படிகம் (லிக்விட் கிரிஸ்டல்) ஆராய்ந்தவர், வேறோரிடத்தில் மத்திய அமைச்சர் என்று வருகிறதாம். இத்தனையும் ஒரே ஆள்தானா, இப்படி ஒரே பெயரில் பிரபலமானவர்கள் வேறு யார் யார், எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்கிறார்.

மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள். சென்னையில் ஒரு நாளிதழின் நூலகப் பிரிவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கட்டிங் வெட்டி, ஆளுக்கொரு கவர் போட்டு அடுக்கி வைத்தவன் நான். 'சந்திரசேகர், எஸ்.' என்று எழுதிய கவர் மட்டும் எங்களிடம் மூன்று இருந்தது. அவசரத்தில் தப்பான கவரை எடுத்துக் கொடுத்தால் மறுநாள் காலை ஊரே சிரிக்கும்.

முதல் கவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், அப்புறம் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். எரிந்து முடிந்த விண்மீன் ஒன்று வெண்குறுமீனாக நிலைத்து நிற்க வேண்டுமானால் அதன் நிறை சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டவர். அந்த எல்லைக்கு இவர் பெயர்தான். 1983இல் வில்லியம் ஃபௌலருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

இரண்டாவது கவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். 1930இல் கல்கத்தாவில் பிறந்தவர். குச்சி வடிவ மூலக்கூறுகள்தாம் திரவப் படிகமாகும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நின்று திரவப் படிகமாகும் என்று 1977இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் காட்டியவர் இவருடைய குழுவினர்.

மூன்றாவது ஸ்ரீபதி சந்திரசேகர். மக்கள்தொகை ஆய்வாளர். 1967இல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைக்கு வந்தார். பின்னால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். இவரைப் பிரிப்பதில் சிரமமில்லை. குழப்பம் முதல் இருவரிடம்தான்.

ஏனென்றால் அந்த இருவரும் உறவு. இருவருமே சர் சி.வி. ராமனின் சகோதர சகோதரி மக்கள். முதலாமவர் ராமனின் அண்ணன் மகன். இரண்டாமவர் ராமனின் சகோதரி மகன். இருவரும் இயற்பியல், இருவரும் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். பெரியவருக்கு நோபல் கிடைத்த அதே 1983இல்தான் சின்னவர் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். இன்னொரு பொருத்தம் எனக்கு எப்போதும் வியப்பு. 1930 ஜூலை 31 அன்று பெரியவர் பம்பாயில் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அந்த வெண்குறுமீன் கணக்கின் முதல் வடிவத்தைப் போட்டது அந்தக் கப்பல் பயணத்தில்தான். கப்பல் கடலில் இருக்கும்போதே, ஆகஸ்ட் 6 அன்று சின்னவர் பிறந்துவிட்டார். அதே வருடக் கடைசியில் மாமா ராமனுக்கு நோபல் பரிசு.

சரி, ஒரே குடும்பத்தில் எதற்கு இரண்டு சந்திரசேகர்? ராமனின் இனிஷியலைப் பிரித்துப் பாருங்கள். சி என்பது அவர் அப்பா பெயர், சந்திரசேகர ஐயர். அண்ணன் பிள்ளைக்கு அவர் அப்பாவைப் பெற்ற தாத்தா, சகோதரி பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா. இரண்டு வீட்டிலும் தாத்தா பெயர் இறங்கியிருக்கிறது. தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பெயரன். இந்த வழக்கம் இருக்கும்வரை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் ஒரே பெயரில் திரியத்தான் செய்வார்கள். அதில் இரண்டு பேர் உலகப் புகழ் பெற்றுவிட்டால் நூலகப் பிரிவுக்காரன் பாடு திண்டாட்டம்.

இனிஷியல் இல்லாமல் வெறும் சந்திரசேகர் என்று பார்த்தால் வரிசை இன்னும் நீளும். 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தில் இந்தியாவுக்கு முதல் தொடர் வெற்றி தேடித் தந்த பி.எஸ். சந்திரசேகர். 1988இல் நம் சேப்பாக்கத்தில் இரானி கோப்பை ஆட்டத்தில் 56 பந்தில் சதம் அடித்த வி.பி. சந்திரசேகர். 1990 நவம்பரில் பிரதமரான சந்திரசேகர்.

இந்தக் குழப்பத்தின் வேர் நாம் பெயர் எழுதும் விதத்தில் இருக்கிறது. வடக்கே பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் நிற்கும். நமக்குப் பெயர் ஒன்றுதான். முன்னால் ஒட்டியிருக்கும் எழுத்து பெரும்பாலும் அப்பா பெயர், சிலருக்கு ஊரும் சேரும். எம்.ஜி.ஆரில் ஜி என்பது அப்பா கோபாலன். ஏ.பி.ஜே. அப்துல் கலாமில் அவுல் கொள்ளுத் தாத்தா, பக்கீர் தாத்தா, ஜைனுலாப்தீன் அப்பா. மூன்று தலைமுறை மூன்று எழுத்தில் அடங்கிவிட்டது. ஆந்திரப் பக்கத்தில் முன்னால் நிற்பது வீட்டுப் பெயர். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது எதுவும் புரியாது. செஸ் ஆனந்தை அவர்கள் வெகுநாள் அவர் அப்பா பெயரான விஸ்வநாதன் என்றே கூப்பிட்டார்கள். இலங்கையில் இன்னும் வேடிக்கை. சமிந்த வாஸின் முழுப் பெயர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். ஸ்கோர் போர்டில் அவருக்கு இனிஷியல் மட்டும் ஐந்து. அவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தும் அங்கே ஒரே அணியில் குசல் பெரேராவும் குசல் மெண்டிசும் ஆடுகிறார்கள், இருவருமே விக்கெட் கீப்பர்கள்.

இனிஷியலை விரித்தால் ஆள் தெரிந்துவிடும் என்று என்னிடம் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்வேன். உடனே அவர்களிடம் ஜி. பார்த்தசாரதி கவரை எடுத்துக் கொடுப்பேன், அந்த விதி எங்கே உடையும் என்று காட்ட.

ஜி. பார்த்தசாரதி இரண்டு பேர். ஜி-யை விரித்தால் இருவருக்கும் கோபாலசுவாமி. இருவரும் தூதர்கள். இருவருமே பாகிஸ்தானில் இந்தியாவின் ஹைகமிஷனர்கள்! மூத்தவர் 1912இல் பிறந்தவர், அரசியல் சட்ட வரலாற்றில் வரும் என். கோபாலசுவாமி ஐயங்காரின் மகன். 1960களின் தொடக்கத்தில் பாகிஸ்தானில் இருந்தார், அப்புறம் ஐ.நா. சபையில் இந்தியாவின் பிரதிநிதி, 1969இல் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இளையவர் 1940இல் பிறந்தவர், தூதராவதற்கு முன் ராணுவத்தில் இருந்தவர், 1999இல் கார்கில் போர் நடந்தபோது இஸ்லாமாபாத்தில் ஹைகமிஷனர். இனிஷியல், விரிவு, தொழில், பதவி, நாடு எல்லாம் ஒன்று. இவர்களைப் பிரிக்க வருடம் ஒன்றுதான் வழி. கவரின் மேல் 'மூத்தவர்', 'இளையவர்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தோம்.

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் இருக்கும் ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமா? எழுத்தாளர்களிலும் மூன்று பேர். தீபம் நடத்திய நா. பார்த்தசாரதி, நாடகமும் நாவலும் எழுதிய இந்திரா பார்த்தசாரதி, சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த கவிஞர் ஆர். பார்த்தசாரதி. இந்திரா பார்த்தசாரதியின் இயற்பெயர் ரங்கநாதன் பார்த்தசாரதி. ஆக அவரும் ஒரு ஆர். பார்த்தசாரதிதான்! மனைவி பெயரை முன்னால் போட்டுக்கொண்டதால் அங்கே குழப்பம் தீர்ந்தது, அவரைப் பெண் எழுத்தாளர் என்று நினைக்கிற புதுக் குழப்பம் வந்து சேர்ந்தது.

நான் மாட்டிக்கொண்டது கிருஷ்ணமூர்த்தியில். 2007 மார்ச்சில் யு.ஜி. கிருஷ்ணமூர்த்தி இத்தாலியில் இறந்துபோன செய்தி இரவு வேலையில் வந்தது. டெஸ்க்கில் படம் கேட்டார்கள். கிருஷ்ணமூர்த்தி, தத்துவம், வெள்ளைத் தலைமுடி. கையில் கிடைத்ததைக் கொடுத்தேன். வெளியூர்ப் பதிப்பு அச்சாகிப் போன பிறகுதான் ஒரு மூத்த உதவி ஆசிரியர் பார்த்துவிட்டு, "யோவ், இது ஜே.கே.யா" என்றார். நகரப் பதிப்பில் மாற்றிவிட்டோம். காலையில் விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். "ஜே.கே. போய் இருபத்தோரு வருஷம் ஆச்சு. மறுபடியும் கொன்னுட்டீங்களே?"

அந்த இருவரையும் குழப்புவது எளிது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜே.கே. என்பது ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி, 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். எட்டாவது குழந்தை என்பதால் கிருஷ்ணர் பெயர். 1909இல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபைத் தலைவர்களில் ஒருவரான லெட்பீட்டர் கண்ணில் பட்டு, உலக குருவாக வரப்போகிறவர் என்று அந்தச் சபையாரால் வளர்க்கப்பட்டு, 1929இல் தமக்காக அமைத்த அமைப்பையே கலைத்தவர். கடைசிப் பொதுப் பேச்சும் சென்னையில்தான், 1986 ஜனவரியில், வசந்த விஹாரில். அடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் இறந்தார். யு.ஜி. என்பது உப்பலூரி கோபால கிருஷ்ணமூர்த்தி, 1918இல் மசூலிப்பட்டினத்தில் பிறந்தவர். அவரும் தெலுங்குக் குடும்பம், அவரும் பிரம்மஞான சபைப் பின்னணி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அவரும் சபைக்காக ஊர் ஊராகப் பேசியவர். ஜே.கே.யின் பேச்சைக் கேட்கப் போய், நேரில் பழகி, கடைசியில் அவரைக் கடுமையாக மறுத்துப் பேசிக்கொண்டே வாழ்ந்தவர். ஜே.கே. படத்தை அவர் மரணச் செய்தியில் போட்டதற்கு யு.ஜி. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ராமசாமிகள் கதை வேறு. இங்கே யாரும் குழம்புவதில்லை, ஆனால் பொருத்தம் அபாரம். ஈ.வெ. ராமசாமி பிறந்தது 1879 செப்டம்பர் 17. சர் சி.பி. ராமசாமி ஐயர் பிறந்தது அதே 1879, நவம்பர் 12. ஈரோட்டுக்காரர் 1924இல் வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறைக்குப் போனார். வந்தவாசியில் பிறந்த மற்றவர் அதே திருவிதாங்கூருக்கு 1936இல் திவானாகி, அந்த வருடமே ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தபோது அந்த நாற்காலியில் இருந்தார். பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு ஒரு ராமசாமி பெயர், ஆழ்வார்பேட்டைச் சாலைக்கு இன்னொரு ராமசாமி பெயர். மூன்றாவது ராமசாமி 1947இல் சென்னை மாகாண முதல்வரான ஓ.பி. ராமசாமி ரெட்டியார், ஓமந்தூரார் தோட்டத்தின் ஓமந்தூரார். நான்காவது சோ. பாருங்கள், பெரியார், சி.பி., ஓமந்தூரார், சோ. நான்கு பேரையும் ஊர் கூப்பிடுவதில் ராமசாமி என்ற சொல்லே இல்லை. பட்டம், இனிஷியல், ஊர், செல்லப் பெயர் என்று ஆளுக்கொரு வழியில் பிரித்துவிட்டோம். சட்டப்படி யாரும் செய்ததில்லை, தெருவில் பேசிப் பேசி ஆனது.

ராமானுஜன்களில் ஒன்றைக் கவனியுங்கள். கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர், 32 வயதில் இறந்தவர். அவர் இறந்து பதினெட்டு வருடம் கழித்து இதே சென்னையில் பிறந்தவர் சி.பி. ராமானுஜம், அவரும் கணித மேதை, டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர், 36 வயதில் இறந்தார். பெயரில் ன், ம் என்ற ஓர் எழுத்துதான் வித்தியாசம். வெளிநாட்டில் கணக்குக்காரர்களே அச்சுப் பிழை என்று நினைத்து ம்-ஐ ன்-ஆகத் திருத்திவிடுவதுண்டு. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன் மூன்றாமவர். இவர் கணக்குப் பக்கம் போகவில்லை, ஆனால் இவருடைய அப்பா மைசூரில் கணிதப் பேராசிரியர்.

சினிமாவில் ஒரே பெயர் என்பது வியாபாரப் பிரச்சினை. சுவரொட்டியில் ஒரு பெயருக்கு ஒரு முகம்தான் இருக்க வேண்டும். வி.சி. கணேசனுக்குச் சத்ரபதி வேடம் போட்டதால் பெரியார் சிவாஜி என்று பெயர் கொடுத்தார். இன்னொரு கணேசன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், அவருக்கு ஸ்டூடியோ பெயரே ஒட்டிக்கொண்டது. பெங்களூரிலிருந்து சிவாஜி ராவ் என்று ஒருவர் வந்தபோது சிவாஜி என்ற இடம் நிரம்பியிருந்தது, பாலசந்தர் அவரை ரஜினிகாந்த் ஆக்கினார். சரவணன் என்று ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால் சிவகுமாரின் மகன் 1997இல் சூர்யா ஆனார். அப்புறம் எஸ்.ஜே. சூர்யா வந்துவிட்டார், அது வேறு. எம்.ஜி.ஆர். பெயர்கூடத் தொடக்க காலப் படங்களில் எம்.ஜி. ராம்சந்தர் என்றுதான் வரும். அப்போது டி.ஆர். ராமச்சந்திரன் பெயர் பெற்ற நடிகர்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி திலீப் குமார். இந்தி நடிகர் திலீப் குமாரின் இயற்பெயர் யூசுப் கான். சென்னையில் 1967இல் ஆர்.கே. சேகர் வீட்டில் பிறந்த திலீப் குமார் வளர்ந்து ஏ.ஆர். ரஹ்மான் ஆனார். முஸ்லிம் குடும்பத்துப் பையன் சினிமாவுக்காக எடுத்துக்கொண்ட பெயரைத்தான், இந்துவாகப் பிறந்து இஸ்லாத்துக்கு மாறியவர் விட்டுவிட்டார். இதோடு நின்றால் பரவாயில்லை. பழைய திலீப் குமார் 1966இல் மணந்தது நடிகை சாயிரா பானுவை. ரஹ்மான் 1995இல் மணந்தவர் பெயரும் சாயிரா பானு! கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

ரஹ்மான் என்றதும் ஒரு விஷயம். வங்கதேசத்தின் முஜிபுர் ரஹ்மான், ஜியாவுர் ரஹ்மான் இருவரும் குடியரசுத் தலைவராக இருந்தவர்கள். பிறகு ஜில்லுர் ரஹ்மானும் வந்தார். ஒரே குடும்பம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ரஹ்மான் இறைவனின் திருப்பெயர்களில் ஒன்று, முன்னால் வரும் சொல்லோடு சேர்ந்தால்தான் பெயர் முழுமையாகும். அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கே. சுப்பிரமணியம் கதையும் மகளுக்கு உதவும். 1930களில் தமிழ்ப்படம் எடுத்த இயக்குநர் கே. சுப்பிரமணியம், நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்தின் தந்தை. இன்னொரு கே. சுப்பிரமணியம் பாதுகாப்பு வல்லுநர், கார்கில் ஆய்வுக் குழுவின் தலைவர். இவர் மகன்தான் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர். அப்பா பெயர் இயக்குநரின் பெயரோடு பொருந்தியது, மகன் பெயர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் நடிகர் ஜெய்சங்கரின் பெயரோடு. என் கவர்களில் இந்த வீட்டுக்கு இரண்டு தலைமுறையாக இரட்டைதான்.

பெயர்ப் பொருத்தம் மொழியையும் எல்லையையும் தாண்டும். ஜாகிர் உசேன் என்றால் 1969 மே மாதம் பதவியில் இருக்கும்போதே இறந்த முதல் குடியரசுத் தலைவரும் உண்டு, 2024 டிசம்பரில் மறைந்த தபேலா மேதையும் உண்டு. ரஷீத் கான் என்றால் சேப்பாக்கம் கேலரியில் ஆப்கான் சுழல் பந்துவீச்சாளர் நினைவுக்கு வருவார், இந்துஸ்தானி இசை கேட்பவருக்கு 2024இல் மறைந்த உஸ்தாத். மௌலானா அபுல் கலாம் ஆசாத்தையும் அப்துல் கலாமையும் பிள்ளைகள் அடிக்கடி கலக்கிவிடுகிறார்கள். முன்னவர் நாட்டின் முதல் கல்வி அமைச்சர், 1958இலேயே மறைந்தவர். அபுல் கலாம் என்பது பேச்சின் தந்தை என்று பொருள்படும் பட்டப் பெயர், இயற்பெயர் வேறு.

வினாடி வினாவுக்கு என் யோசனை எளிது. மகள் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இனிஷியலின் விரிவையும் பிறந்த வருடத்தையும் எழுதிக்கொள்ளட்டும். சுப்பிரமணியன் 1910, ஸ்ரீபதி 1918, சிவராமகிருஷ்ண 1930. இது இரண்டும் இருந்தால் போதும், தொழிலை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் சந்திரசேகரிடமே மாட்டுவாள்.

இன்னொன்று, பழைய வினாடி வினாப் புத்தகம் வைத்திருந்தால் ஜாக்கிரதை. துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் என்றால் ஒரே விடைதான் என்று அதில் இருக்கும், 1952இல் பதவியேற்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மயிலாப்பூரில் அவர் பெயரில் சாலை இருப்பதால் நமக்கும் அவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். 2025 செப்டம்பரில் திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் பதினைந்தாவது துணைக் குடியரசுத் தலைவர் ஆகிவிட்டார். அந்த முதல் ராதாகிருஷ்ணனை நினைத்துத்தான் மகனுக்குப் பெயர் வைத்தோம் என்று அவருடைய தாயார் செய்தியாளர்களிடம் சொன்னார். ஆகவே கேள்வி வந்தால் உடனே பஸ்ஸரை அழுத்த வேண்டாம், முதலாமவரா பதினைந்தாமவரா என்று வினாடி வினா நடத்துபவரையே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.